கரட் பிடுங்கவும் சீட்டு

இன்று காலை கொழும்பு வெள்ளவத்தை மரக்கறிக் கடையில் ராஜு தம்பியைப் பிடித்துவிட்டேன். நுவரெலியாவில் தோட்டம் செய்து, லொறியில் கரட் கொண்டுவருபவர்.

வருகிற விலை உரத்துக்கே காணாது, இந்தப் போகத்தோடு தோட்டத்தை விடப்போகிறேன் என்று போன மாதம் சொன்னவர்.

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு எங்கள் ஃபிளாட் பிள்ளைகள் தோட்டம் என்று ஒன்றைக் கண்டதில்லை. அதனால் போன ஞாயிறு நான்கு குடும்பமாக அவரிடம் போனோம். பிள்ளைகள் சேறு பூசிக்கொண்டு கரட் பிடுங்கினார்கள். மத்தியானச் சாப்பாடும் தந்தார். காசு வாங்கவே இல்லை.

இன்று என்வலப்பை நீட்டினேன்.

"ஐயோ அக்கா, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட சோத்துக்குக் காசு வாங்குறதா?"

"சோத்துக்கில்லை தம்பி. பிள்ளையள் கரட் பிடுங்கினதுக்கு."

"புடுங்குறவங்களுக்கு நாங்கதாங்க கூலி குடுக்கணும்!"

கடைக்காரரே சிரித்துவிட்டார். நான் விடவில்லை.

"முருகனுக்கே சீட்டு எடுத்துத்தான் அர்ச்சனை செய்யிறம். அவர் வெக்கப்படுறாரோ? நீங்கள் என்ன, அவரிலும் பெரிய ஆளோ?"

ராஜு என்வலப்பைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"சரிக்கா, இந்தப் போகம் விடல. மாசம் ரெண்டு ஞாயிறு ஆள் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

லொறியில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "ஆனா பிஞ்சு புடுங்குனா டபுள் சீட்டு!"

பிஞ்சு பிடுங்கியது பிள்ளைகள் அல்ல, எங்கள் வீட்டுக்காரர்.

வரும் ஞாயிறு போகிற வான் வண்டியில் ஆறு இடம் இருக்கிறது. வழியில் செக்பொயின்ற் இருக்கிறது, அடையாள அட்டையை மறக்க வேண்டாம். உங்கள் வீட்டு டபுள் சீட்டுக்காரர் யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.