கதைக்கவேண்டிய வாய்

குருநகரில் டொக்டர் ஜெசிதாவைத் தெரியாதவர்கள் இல்லை. மண்டையைத் திறந்து மூளையில் சத்திரசிகிச்சை செய்கிறவள். கொழும்பிலும் லண்டனிலும் கிடைத்த இடங்களை உதறிவிட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தவள். ஊர்ப்பற்று என்று சனம் சொன்னது. பங்குத்தந்தை ஒரு ஞாயிறு பூசையில் அவளை உதாரணம் காட்டிப் பிரசங்கமே வைத்தார். ஜெசிதா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்தது படகு முதலாளி சூசைமுத்துச் சம்மாட்டியைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருப்பதற்காக. அதை அவள் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அண்ணன் லெனாட் சூசைமுத்துவின் படகில் தொழிலுக்குப் போய்வந்தான். ஒருநாள், இனி வேறொருவருடைய படகில் போகப் போவதாகச் சம்மாட்டிக்கு முன்னால் நின்று சொன்னான். அப்படிச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. இயந்திரம் திருத்த வைத்திருந்த சுத்தியல் சம்மாட்டியின் கையில் இருந்தது. இடது காதுக்குச் சற்று முன்னால், ஒரே அடி. கண்ணால் கண்ட ஒருவன் தாய் அருமைநாயகியின் காதில் மட்டும் அதைச் சொன்னான். பிறகு பிரான்சுக்குப் போனவன்தான், அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை.

யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த காலம் அது. குடாநாட்டில் அப்போது மூளைச் சத்திரசிகிச்சை செய்ய ஒருவரும் இல்லை. கப்பலில் இடம் கிடைத்து லெனாட்டைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது காலம் கடந்துவிட்டது. உயிர் மிஞ்சியது. வலக்கை மடங்கிப் போனது. சொற்களெல்லாம் போய் ‘ஓம்’ என்ற ஒன்று மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பசிக்குதோ என்றாலும் ஓம், பசிக்கேல்லையோ என்றாலும் ஓம்.

பொலிஸ் விசாரிக்க வந்தபோது சூசைமுத்தரும் கூடவே வந்தார். கட்டிலுக்கு மேலே குனிந்து, வெகு அன்பாகக் கேட்டார்.

“நீ படகிலை வழுக்கித்தானே விழுந்தனீ, தம்பி?”

“ஓம்,” என்றான் லெனாட்.

விசாரணை அத்தோடு முடிந்தது. தகப்பன் செபநாயகம் வாசலில் போய் நின்று அழுதார். ஜெசிதாவுக்கு அழுகை வரவில்லை. அண்ணனுடைய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவை சூசைமுத்தருக்கு வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

அன்றைக்குப் பிடித்த நெருப்பில்தான் அவள் படித்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கி மருத்துவம் முடித்தாள். கொழும்பில் மேற்படிப்புக்குத் துறை தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, பெண்பிள்ளைக்கு இது நெடுநேரம் நின்று செய்கிற வேலை, கண் வைத்தியம் படி என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. மற்றவர்கள் மூளைக் கட்டிகளில் பெயர் எடுத்தார்கள். அவள் உடைந்த மண்டைகளில் எடுத்தாள். விழுந்து உடைந்த எலும்பில் வெடிப்பு நீளமாக ஓடும். சுத்தியல் பட்ட எலும்பு பட்ட இடத்திலேயே வட்டமாக உள்ளே இறங்கும். அதைப் படிக்க அவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணனுக்குத் தலை முழுக வார்த்துவிடுகிறவள் அவள்தான். அந்தக் குழி அவளுடைய விரலுக்குத் தெரியும்.

அவள் திரும்பி வந்தபோது சூசைமுத்தர் பல படகுகளுக்குச் சொந்தக்காரர். கோயில் திருவிழாவில் சொரூபக் கூடு தூக்குகிறவர்களில் முதல் ஆள். வழியில் கண்டால், “எங்கடை டொக்டர் பிள்ளை” என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காட்டுவார். ஜெசிதா சிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அருமைநாயகி மட்டும் மகளுடைய அந்தச் சிரிப்பைக் கண்டு பயந்தாள். கடவுளிடம் விட்டுவிடு என்று ஓயாமல் சொல்லிவந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெயரூபன் என்ற தொழிலாளியை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். இறங்குதுறைப் படியில் விழுந்துவிட்டான் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஜெசிதா ஸ்கான் படத்தைத் திரையில் பார்த்தாள். பிறகு உறுதிப்படுத்த அவனுடைய தலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். இடது காதுக்குச் சற்று முன்னால், வட்டமாக. அவனுடைய மனைவி தர்சினியிடம், ஆருடைய படகிலே போகிறவர் என்று மட்டும் கேட்டாள். சூசைமுத்தருடையதாம். அடுத்த மாதம் வேறு படகுக்கு மாற இருந்தவராம்.

தியேட்டரில், உள்ளே இறங்கியிருந்த எலும்பைத் தூக்கிக் கீழே உறைந்திருந்த இரத்தத்தை எடுத்தாள். அதற்குக் கீழே மூளை நைந்து கசிந்துகொண்டிருந்தது. பேச்சுக்குரிய இடம் அதற்குப் பக்கத்தில். நைந்ததையும் சுற்றியிருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டால் இரத்தம் நின்றுவிடும், அவன் பிழைப்பான், வாய் போய்விடும். ஒவ்வொரு நுண்குழாயாகத் தேடி அடைத்தால் வாய் மிஞ்சலாம், ஆனால் அத்தனை நேரம் அவனுடைய உடம்பு தாங்கவேண்டும்.

மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டொக்டர் ஜெயசுதன் பிரஷர் இறங்குவதை இரண்டு தரம் சொன்னார். மூன்றாந்தரம் அவருடைய குரல் மாறியது.

“அக்கா, உயிரைப் பாருங்கோ. வாயைப் பிறகு பாப்பம்.”

“வாய்தான் வேணும்,” என்றாள் ஜெசிதா, நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இவன் கதைக்கவேணும்.”

ஜெயசுதன் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொரு குழாயாக அடைத்துக்கொண்டு போனாள். அவ்வளவு சுத்தமாக அவள் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை என்று அங்கே நின்ற தாதிமார் பின்னாளில் சொன்னார்கள். அவனுக்காகத்தான் அப்படிப் போராடினாள் என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஜெயரூபன் பிழைத்தான். சில நாளில் தர்சினியின் பெயரைச் சொன்னான். பிறகு தண்ணீர் கேட்டான், வீட்டுக்குப் போகவேண்டும் என்றான். ஜெசிதா ஒவ்வொரு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவனைக் கதைக்கப் பழக்கினாள். சொற்கள் ஒழுங்காகக் கோர்த்து வரத் தொடங்கியதும் கேட்டாள்.

“ஆர் அடிச்சது?”

அவன் மனைவியைப் பார்த்தான். தர்சினி யன்னலைப் பார்த்தாள்.

“ஒருத்தரும் அடிக்கேல்லை, டொக்டர். நான் விழுந்தனான்.”

சூசைமுத்தர் முந்திக்கொண்டுவிட்டார். சொந்தமாக ஒரு படகு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜெசிதா எழுந்து வெளியே போனாள். தான் காப்பாற்றிய வாயிலிருந்து அந்தப் பொய் வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு கணம், அவனைச் சாக விட்டிருக்கலாமே என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் லெனாட்டைக் காரில் ஏற்றினாள். என்னோடு வருவாயா என்று கேட்டாள். அவன் ஓம் என்றான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் உண்மையான பதில் தெரிந்திருக்கும், அவள் பார்க்கவில்லை. வார்ட்டில் ஜெயரூபனுக்கு முன்னால் கதிரை போட்டு அவனை இருத்தி, தலைமயிரை ஒதுக்கிக் குழியைக் காட்டினாள்.

“இவரும் உம்மைப்போலை விழுந்தவர்தான். இதே ஆளின்ரை படகிலை. ஏதும் கேட்டுப்பாரும்.”

ஜெயரூபன் பெயரைக் கேட்டான். ஓம் என்று பதில் வந்தது. ஊரைக் கேட்டான். அதற்கும் ஓம். லெனாட்டின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஜெயரூபன் தன் கட்டுப்போட்ட தலையைத் தடவினான். பிறகு பொலிசைக் கூப்பிடச் சொன்னான்.

அதற்குப் பிறகு பல மாதம் லெனாட் தங்கையைத் தன் தலையில் கை வைக்க விடவில்லை. அருமைநாயகிதான் வார்த்துவிட்டாள்.

வழக்கு இழுபட்டு இழுபட்டு மன்றத்தில் விளக்கத்துக்கு வந்தது. ஜெயரூபன் கூண்டில் ஏறி, திக்கித் திக்கி, எல்லாவற்றையும் சொன்னான். ஜெசிதா எலும்பு உடைந்த விதத்தை விளங்கப்படுத்தினாள். சூசைமுத்தரின் வழக்கறிஞர் லெனாட்டின் கதையை விசாரித்து அறிந்து வைத்திருந்தார்.

“எதிரிக் கூண்டிலை நிற்கிறவரோடை உங்களுக்குப் பகை இருக்கோ, டொக்டர்?”

“இருக்கு,” என்றாள் ஜெசிதா. “பதினாறு வயசிலையிருந்து இருக்கு. என்ரை பகைக்காக எலும்பு வட்டமா உடையாது, ஐயா. படம் இருக்கு, வேறை ஆரையும் கூப்பிட்டுக் கேளுங்கோ.”

வேறொரு வைத்தியரையும் அழைத்தார்கள். அவரும் அதையே சொன்னார்.

சூசைமுத்தருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, ஜெயரூபனை அடித்ததற்காக மட்டும். லெனாட்டின் பெயர் தீர்ப்பில் எங்கேயும் வரவில்லை. அவரை வாகனத்தில் ஏற்றும்போது ஜெசிதா வெயிலில் நின்று, கதவு சாத்தும் வரைக்கும் பார்த்தாள். மனம் ஆறவில்லை. ஆறும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள். கடவுளிடம் விட்டுவிடு என்று இத்தனை வருடமும் சொல்லிவந்த அருமைநாயகி எழுந்து உள்ளே போனாள். பெட்டியிலிருந்த தன் கலியாணக் கூறைச்சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு வந்தாள். எங்கே என்று மகள் கேட்டதற்கு, நடந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். சூசைமுத்தர் வீட்டு ஒழுங்கையால் ஒருதரம் மெல்லப் போனாள். சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. திரும்பி வரும்போது அந்தப் பூட்டிய படலைக்கு முன்னால் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இன்னும் மெல்ல நடந்தாள்.