சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் சந்தன வாசனைதான் முதலில் வந்தது... பிறகுதான் தூசி.

கிழக்கேகோட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் நான் வேலை பார்த்த காலம். அது வலியசாலையிலிருந்து கோமதி மாமி ஆட்டோவில் கொண்டுவந்த கம்ப்யூட்டர். மாமா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவரே பார்ட்ஸ் வாங்கி, அவரே பூட்டியது. சரஸ்வதி பூஜைக்கு எல்லோரும் மானிட்டரில் பொட்டு வைப்பார்கள். இந்த மனுஷன் உள்ளே மதர்போர்டின் ஓரத்திலேயே கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

"அது அவர் கையால வச்சது. துடைச்சுடாதே, கேட்டோ," என்றார் மாமி, மலையாளம் கலந்த தமிழில்.

பேத்தியோடு வீடியோ கால் பேசினால் படம் நின்று நின்று வந்ததாம். மகள் வேறு ப்ராசஸர் வாங்கி அனுப்பியிருந்தாள். பழைய போர்டு அதை ஏற்றுக்கொள்ள, முதலில் பயாஸை, அதாவது போர்டை எழுப்பிவிடும் புரோகிராமை, அப்டேட் செய்யவேண்டும். புதுசே வாங்கிவிடலாமே மாமி என்று கேட்டேன்.

"வேண்டாம் மோனே. ஸ்விட்ச் போட்டா ஒரு பீப் கேக்கும் பாரு... அடுக்களைல இருக்கறச்சே அது கேட்டா, அவர் ரூம்ல உக்காந்துண்டிருக்காப்பல இருக்கும்."

அந்த மாடலில் இரண்டு வெர்ஷன் உண்டு. ஒன்றின் ஃபைல் மற்றதற்கு ஆகாது. எந்த வெர்ஷன் என்று போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்.

அது சந்தனத்துக்கு அடியில் இருந்தது.

நான் துடைக்கவில்லை. எங்களிடம் வந்ததெல்லாம் முதல் வெர்ஷன், இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். மாமிக்குக் கொடுத்த மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம். அசட்டுத் துணிச்சல், வேறென்ன...

பென்டிரைவை ஃபார்மட் செய்து, ஃபைலைப் போட்டு, சொருகினேன். நூறு சதவீதம் வந்தது. தானாக ரீஸ்டார்ட் ஆனது. ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பீப் வரவில்லை.

ஈரப் பஞ்சால் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டாவது வெர்ஷன்.

சரியான ஃபைலைச் சிப்பில் நேராக எழுதிப் போர்டை மீட்கும் கருவி எங்கள் கடையில் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவரிடம் இருந்தது. கேட்கப் போனால் என் தப்பு முதலாளி காதுக்கு எட்டிவிடும் என்று போகவில்லை.

மறுநாள் மாமி வந்தார். ஹார்ட் டிஸ்க் பத்திரம், ஃபோட்டோ எல்லாம் இருக்கிறது என்றேன்.

"போர்டுதான் போயிட்டு மாமி. பழசு அல்லே... வயசாயிட்டு."

மாமி கேபினெட்டின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"அவருக்கும் ஆஸ்பத்திரில இதையேதான் சொன்னா," என்றார்.

திட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார்.

இப்போது போர்டுகளே மாறிவிட்டன. தப்பான ஃபைலைக் கொடுத்தால் வாங்கவே வாங்காது. சிலதில் உதிரியாக இன்னொரு சிப்பே இருக்கிறது. எனக்கும் சொந்தக் கடை ஆகிவிட்டது. அந்தக் கருவியும் என் மேஜையில் கிடக்கிறது. இப்படிப் போன போர்டுகள் எத்தனையோ சரி செய்துவிட்டேன். பத்து நிமிஷ வேலை... அவ்வளவுதான்.

போன மாதம் வலியசாலைக்குப் போனேன், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று. வீடு பூட்டியிருந்தது. மாமி பூனாவில் மகளிடம் போய் இரண்டு வருஷமாகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

"அந்த ஓடாத கம்ப்யூட்டரையும் தூக்கிண்டு போனா. அங்க யாராவது நன்னாக்கித் தருவான்னு சொன்னா."

மாமியின் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் கூப்பிடவில்லை.