கோடு போட்ட கணவர், கணக்குப் படித்த மனைவி

ஊரார் கண்ணைத் திறந்துகொண்டு காணும் கனவுக்குக் கமிஷன் வாங்குகிற தொழில், பங்குத் தரகர் தொழில்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். மத்தியான மழையில், கீழே பஸ் கண்டக்டர்கள் கூவுவது எங்கோ தூரத்தில் கேட்பது போலிருக்கும். திரையில் பச்சையும் சிவப்புமாக எண்கள் மாறும். எதிரே இருப்பவர்கள் டீ ஆறுவதையும் மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அந்த மாதிரி பெஞ்சைத் தேய்த்தவரென்றால் வாருங்கள், நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

பென்சில்

கணபதி திருநெல்வேலிக்காரர். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. தினமும் விலையை கிராப் தாளில் புள்ளி வைத்து, பென்சிலால் கோடு இழுப்பார். கோடு ஏறினால் அன்று முழுக்க மிதப்பார்.

அவரிடம் இருந்த ஒரே பெரிய பங்கு ஒரு சாப்ட்வேர் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி என்னதான் செய்கிறது என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

"அது என்னத்தையும் செஞ்சிட்டுப் போகட்டும் வே, கோடு மேல போகுதா, அதைப் பாரும்!"

அடிக்குறிப்பு

அவர் மனைவி மீனா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சர்க்கார் உத்தியோகம். பங்கு கணபதி பேரில் இருந்தாலும் போட்ட பணம் இருவருடையது. மீனா அந்தக் கோடுகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஆண்டறிக்கையை அடிக்குறிப்பு விடாமல் படிப்பார். லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு, சரக்கு யாருக்குப் போகிறது, எல்லாம் அத்துபடி.

கட்சி இரண்டு என்றாலும் ஆசை ஒன்றுதான். வாடகை வீட்டுச் சமையலறையில் பகலிலும் விளக்கெரிய வேண்டும். கழக்கூட்டத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ப்ளாட்டில் சமையலறை கிழக்குப் பார்த்து இருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது மீனாவின் குரல் தாழ்ந்துவிடும். எனக்கே அந்த வெயில் என் மேஜைமேல் விழுகிற மாதிரி இருக்கும்.

பங்கை விற்றால்தான் ப்ளாட். ஒருவரைக் கேட்காமல் மற்றவர் விற்பதில்லை என்று ஒப்பந்தம். சொன்னால் கணவர் கேட்க வேண்டாமா என்று மீனா என்னிடம் அலுத்துக்கொள்வார்.

"கோட்டுக்குள்ள என்ன இருக்கு அண்ணா? கம்பெனி நல்லதா இருந்தா விலை தன்னால வரும், சொன்னா கேக்கண்டே!"

ஒரே ஒரு சொல்

ஒரு மத்தியானம் கணபதியின் கோடு நடுவில் ஒரு தலையும் இருபுறமும் தோளுமாக வந்து நின்றது. இனி விலை விழும் என்பதற்கு அது அடையாளமாம். மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. என் மேஜை போனிலிருந்தே மீனாவின் ஆபீசைக் கூப்பிட்டு, "வித்துரட்டா?" என்றார். மேலதிகாரி எதிரில் நின்றிருந்த மீனா, "பின்னே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திருநெல்வேலியில் அதற்கு 'இதிலென்ன சந்தேகம்' என்று அர்த்தம். திருவனந்தபுரத்தில் 'அப்புறம் பேசலாம்'. கணபதி தன் ஊர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டார். முழுவதையும் விற்றோம். சாயங்காலம் விஷயம் தெரிந்து மீனா படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாச்சு, நான் பேசற தமிழ் இன்னும் உங்களுக்கு மனசிலாகலையா?"

கிழக்கு வெயில்

மறுவாரமும் விலை ஏறியது. மீனா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கணபதி வந்தால் திரையைப் பார்க்காமல் ஜன்னல் மழையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பிறகு விலை இறங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. சாப்ட்வேர் பங்குகள் எல்லாமே சரிந்த காலம் அது.

விற்ற பணத்தில் வாங்கிய அந்தக் கழக்கூட்டம் ப்ளாட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். கோடு சொன்னபடியே எல்லாம் நடந்ததாகக் கணபதி வந்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். சமையலறை நிறைய வெயில். மீனா அதில் கையை நீட்டி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என்னைக் கண்டதும் அந்தப் பங்கு இன்று என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். பெருமூச்சு விட்டார்.

"நல்ல கம்பெனியாக்கும் அண்ணா அது, பாவம்."

கோடு ஜெயித்ததா, கணக்கு ஜெயித்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டையும் கரைத்துக் குடித்த நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.