பட்டினச்சேரியில் மாற்றிய மோடம்

செவி உடையார்க்கு நாதமாகவும், செவி திறவாதார்க்கு ஒளியாகவும் நின்றருளும் நள்ளாற்றுப் பெருமான் திருவடி போற்றி. அவன் பாகம் பிரியா அம்மையின் திருவடி போற்றி.

இன்று ஆனித் திங்கள் முழுநிலவு நாள்; காரைக்காலில் மாங்கனித் திருநாள். மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பதைக் காண எங்கள் சுரக்குடியிலிருந்து பேருந்து நிறைய ஆட்கள் போகிறார்கள். நான் போகவில்லை. அந்த நெரிசலில் நிற்க என் முழங்கால் இனி ஒப்பாது. தெரு ஓய்ந்து கிடக்கும் இந்த நன்னாளில், தொலைபேசித் துறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று இக்குறிப்பை எழுதுகிறேன்.

1. வீடு பூட்டி

சுனாமிக்கு நான்கைந்து ஆண்டுகள் பிந்திய காலம் அது. வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் டி.ஆர். பட்டினம் பகுதிக்கு டெலிகாம் மெக்கானிக். கம்பத்தின் மேல் வேலை செய்கையில் பதிகம் முணுமுணுப்பது என் வழக்கம். அதனால் அலுவலகத்தில் என் இயற்பெயர் மறைந்து, ஓதுவார் என்பதே நிலைத்துவிட்டது. எங்கள் மேலதிகாரியான ஜே.டி.ஓ. என்னைவிட மிக இளையவர். ஒருநாள் நண்பகலில் அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டார்.

“ஓதுவாரே, பாட்ட நிறுத்திட்டு இங்க வாங்க. பிரான்ஸ்லேருந்து ஒரு பொண்ணு. என்னைய நல்லாத் திட்டி முடிச்சாச்சு. மிச்சத்த நீங்க வாங்கிக்குங்க.”

வாங்கினேன்.

“சார், பட்டினச்சேரி கலியபெருமாள் வீட்டு நெட்டு. நான் அவரு மக செல்வி பேசறேன். ரொம்ப ஸ்லோன்னு எத்தனையோ தடவ கம்ப்ளைன்ட் கொடுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் சரி பண்ணியாச்சுன்னு மூடிடுறீங்க.”

கம்ப்யூட்டரில் பார்த்தேன். ‘லைன் ஓகே. போன் எடுக்கவில்லை. வீடு பூட்டி.’ ஒவ்வொரு புகாரின் கீழும் இதே வாசகம் இருந்தது.

“லைன் நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்கம்மா. சரி பாத்துட்டு வீட்டுக்கு ரிங் பண்ணியிருக்காங்க. யாரும் எடுக்கல.”

“எப்படிங்க எடுப்பாரு? எங்கப்பாவுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காது. பேச்சும் வராது.”

பழுது நீக்கியபின் வாடிக்கையாளருக்கு மணி அடித்து உறுதி செய்வது எங்கள் முறை. எடுக்காவிட்டால் வீடு பூட்டியிருப்பதாகக் கொண்டு புகாரை மூடுவதும் முறைதான். கேளாத மனிதரின் வீட்டுக்கு மணி அடித்து அடித்து மூடியிருக்கிறோம்.

“அப்ப அவரு போன் எதுக்கும்மா வச்சிருக்காரு?” என்றேன்.

“போன் இல்லாம நெட்டு கிடையாதுன்னு சொன்னது நீங்கதானே சார்.”

அவர் குரல் சற்றுத் தணிந்தது.

“நாங்க கையாலதான் பேசிக்குவோம். அம்மாவும் போயாச்சு. அவரு தனியா இருக்காரு. சாப்பிட்டாரா, படுத்தாரான்னு தெரிஞ்சுக்க, கம்ப்யூட்டர்ல வர்ற இந்தப் படத்த விட்டா எனக்கு வேற வழியில்ல. அது கட்டம் கட்டமா நின்னு நின்னு வருது. கை எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னே புரியல. இந்தத் தடவையும் சரியாகலன்னா நான் வந்து வீட்டப் பூட்டி அவரக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன். கடல விட்டு வரமாட்டேன்னு அவரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதுக்காகத்தான் கேக்குறேன். நல்லாப் பாத்துக் கொடுங்க.”

ஒரு மனிதர் தம் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒரு லைனைப் பொறுத்திருக்கிறது என்று விளங்கியது. நானே போகிறேன் என்றேன்.

2. டயல் டோன் காட்டாத பழுது

பட்டினச்சேரியில், சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இரண்டாம் வரிசை வீடு. வெளியே டப்பாவைத் திறந்து டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டேன். டயல் டோன் வெண்கல மணி போல் இருந்தது. இரைச்சல் துளியும் இல்லை. முப்பது ஆண்டுகளாக லைனைக் காதால் பார்த்தே பழகியவன் நான். எனக்கு முன் வந்தவர்கள் ‘லைன் ஓகே’ என்று எழுதியதில் வியப்பில்லை.

கதவைத் தட்டினேன். நெடுநேரம் தட்டினேன். அடுத்த வீட்டிலிருந்து ஓர் அம்மாள் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

“தட்டுங்க சாமி, நல்லாத் தட்டுங்க. கதவுதான் ஒடையும்” என்று சொல்லிக்கொண்டே நிலைக்கு வெளியே இருந்த சுவிட்சை மூன்று நான்கு முறை போட்டு அணைத்தார். உள்ளே விளக்கு எரிந்து அவிந்தது. “இதான் இந்த வீட்டு காலிங்பெல்லு.”

அவர் பெயர் அஞ்சலை. கணவரை இழந்தவர், மீன் விற்பவர். “பட்டினத்துலயே பெரிய தொண்டை எனக்கு. கூடைய எறக்குறதுக்கு முந்தி மூணு தெருவுக்குக் கேக்கும். அந்தத் தொண்டைக்குப் பக்கத்து வீடா வந்து வாய்ச்சாரு பாருங்க, எங்க அண்ணன்” என்றார். உடன்பிறந்த அண்ணன் அல்லர். அண்டை வீட்டு உறவு. அந்த வரிசையில் கைப்பேச்சு அறிந்தவர் அவர் ஒருவரே.

கலியபெருமாள் கதவைத் திறந்தார். படகு தச்சராக இருந்து ஓய்ந்தவர், நெடிய உருவம். என் நெற்றி நீற்றைக் கண்டதும் கைகூப்பினார். உள்ளே டெலிபோன் பூப்போட்ட துணியால் போர்த்தப்பட்டிருந்தது. அருகில் கம்ப்யூட்டர், கேமரா, அவற்றின் இடையே மோடம். அதன் டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

குரலையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரை மாற்றினேன். உள்வயரைப் புதிதாக இழுத்தேன். சிமிட்டல் நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. அது பிராட்பேண்ட் வந்த புதிதில் கொடுத்த வகை. அந்த ஆண்டுதான் எங்கள் தொலைபேசி நிலையத்தில் பழைய கார்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியிருந்தோம். புதிய கார்டின் முறை அந்த மோடத்துக்குத் தெரியாது. நிலையம்தான் பழைய முறைக்கு இறங்கி அதனோடு இணைய வேண்டியிருந்தது. தூரமும் அதிகம். மோடம் சிறிது சூடேறினால் லிங்க் விழும், தானே எழும். டவுன்லோட் ஓரளவு இருந்தது. அப்லோட் மிகக் குறைவு. எரர் ஏறிக்கொண்டே போனது. குரல் போகும் பாதையில் இவை ஒன்றும் தட்டுப்படா. டெஸ்ட் போனைக் கொண்டு எத்தனை பேர் வந்து கேட்டாலும் லைன் ஓகேதான்.

பையிலிருந்து புதிய மோடத்தை எடுத்தேன். கலியபெருமாள் பழைய மோடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். மறு கையால் அஞ்சலையிடம் ஏதோ சொன்னார்.

“இதுவே போதுங்குறாரு சாமி. மக மூஞ்சி நல்லாத்தான் தெரியுதாம்.”

“இவருக்கு அவங்க தெரிவாங்க. வர்ற வழி வேற, போற வழி வேற. இவரு போறதுதான் அங்க சரியாப் போய்ச் சேரல. அத அவருகிட்ட சொல்லுங்க.”

அஞ்சலை சொன்னார். கலியபெருமாள் தலையை அசைத்தார், கையை எடுக்கவில்லை. பழகிய பொருளைப் பிரிய மனமில்லாத முதியவர் என்று எண்ணினேன். மறைந்த என் மனைவியின் மூக்குக்கண்ணாடியை நானும் மாடத்திலிருந்து எடுக்காமல் வைத்திருந்த காலம் அது. ஆகவே கடிந்து பேச வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்.

“கோயிலுக்குப் போறோம். சாமியப் பாக்க மட்டுமா போறோம்? சாமி கண்ணு நம்ம மேல படணும்னும்தானே போறோம்? மக இவரப் பாக்க வேணாமான்னு கேளுங்க.”

அஞ்சலை வெகுநேரம் கைகளை அசைத்தார்.

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். பின் சன்னல் வழியே கடல் பக்கம் பார்த்தார். மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

3. படம் தெளிந்தது

புதிய மோடத்தில் யூசர் நேமும் பாஸ்வேர்டும் போட்டேன். விளக்கு சிமிட்டி, நின்று, நிலையாக எரிந்தது. பிற்பகல் ஆகிவிட்டது, அங்கே காலை. செல்வி திரையில் வந்தார். அவர் முகம் மலர்ந்ததிலிருந்தே அங்கும் படம் தெளிவாகச் சேர்ந்திருக்கிறது என்று அறிந்தேன். அவர் கைகள் விரைந்து பேசின. தந்தையும் பேசத் தொடங்கினார். எழுத்தும் ஓசையும் இல்லாத ஒரு மொழி அந்த அறையில் நடந்தது. ஓசையைத் தவிர வேறெதையும் வழிபட்டறியாத நான், ஒரு சொல்லும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வியின் கைகள் இடையில் நின்றன. திரையை நோக்கிக் குனிந்தார். எதையோ சுட்டிக் கேட்டார். கலியபெருமாள் தம் கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். கையால் பேசுகிறவர் கையை மறைப்பது, மற்றவர் வாயைப் பொத்திக்கொள்வதற்கு ஒப்பு.

செல்வி வாய்விட்டுக் கேட்டார். “அஞ்சல அத்தை, அப்பா கை ஏன் இப்படி நடுங்குது?”

அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து ஓசை வரவில்லை.

“அத்தை, உங்களத்தான் கேக்குறேன். எத்தன நாளா?”

“ஒரு வருசம் இருக்கும் புள்ள. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?”

அவர் கை நடுங்குவதை நானும் அன்று பார்த்திருந்தேன். முதுமை என்று கடந்துபோனேன். படம் விட்டு விட்டு வரும்போது எல்லாமே துள்ளும். அதில் ஒரு கையின் நடுக்கம் தனியே தெரியாது. பழைய மோடத்தை அவர் ஏன் மூடிக்கொண்டார் என்று அப்போதுதான் உணர்ந்தேன். மகள் தம்மை வீட்டில் விட்டுவைக்க வேண்டுமானால் படம் தெளியவேண்டும். படம் தெளிந்தால் மகள் விட்டுவைக்கமாட்டாள். இவ்விரண்டுக்கும் நடுவில் அந்தப் பழைய பெட்டியை வைத்து அவர் காலம் தள்ளியிருக்கிறார்.

செல்வி அழவில்லை. தந்தையிடம் ஒரு சைகை செய்தார். அதை அஞ்சலை எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரு கைகளையும் நீட்டித் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் போட்டேன். கலியபெருமாள் வாசல் வரை வந்து வழியனுப்பினார். என்மேல் சினம் இருந்ததாகத் தெரியவில்லை. கைகூப்பியபோது மட்டும் விரல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தார். அலுவலகத்தில், ‘மோடம் மாற்றப்பட்டது; பழுது நீங்கியது’ என்று பதிந்தேன். பதிந்ததில் பொய் இல்லை.

4. படம் ஆடுகிறது

தீபாவளிக்கு முன் செல்வி வந்தார். பயணத்துக்கு வேண்டிய தாள்களெல்லாம் முடிந்தபின் இணைப்பைத் திரும்ப ஒப்படைக்க விண்ணப்பம் வந்தது. லைனை எடுக்கப் போனேன். கலியபெருமாள் என் கையிலிருந்த கட்டரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அடுத்த வீட்டைக் காட்டினார்.

செல்வி சொன்னார். “அத்தை வீட்டுக்கு மாத்திக் கொடுக்கச் சொல்றாரு சார். கம்ப்யூட்டரும் அங்கதான். பிரான்ஸ் வந்து என்னோட மட்டும் பேசி என்ன செய்யன்னு கேக்குறாரு.”

அஞ்சலை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு மவுசும் தெரியாது, கிவுசும் தெரியாது. மீன் வெட்டுற கை இது” என்றார். ஆனால் கம்ப்யூட்டர் வைக்க ஸ்டூலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

ஜே.டி.ஓ. பெயர் மாற்றத்துக்கு முணுமுணுத்தார், மாற்றிக் கொடுத்தார். சுவரில் துளையிட்டு நானே வயரை இழுத்தேன்.

சில மாதங்கள் கழித்து அஞ்சலை வீட்டிலிருந்து புகார் வந்தது. ‘படம் ஆடுகிறது.’ மோடம் புதியது; லிங்க் நிலையாக இருந்தது; எரர் இல்லை. அப்லோட், டவுன்லோட் இரண்டும் நன்று. திரையில், கம்பளிச் சட்டை அணிந்து கலியபெருமாள் அமர்ந்திருந்தார். பின்னால் சன்னலில் வெளிறிய வானம். என்னைக் கண்டு கைகூப்ப முயன்றார். உள்ளங்கைகள் ஒன்றையொன்று தேடின, சேரவில்லை.

படம் ஆடவில்லை.

“லைன் நல்லாத்தாம்மா இருக்கு” என்றேன்.

“தெரியும் சாமி.” அஞ்சலை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முந்தியெல்லாம் சொல்றது அத்தனையும் புரியும். இப்ப பாதிதான் புரியுது. மீதிய நானே நெனச்சுக்குறேன். ஒருவேள மெஷினா இருக்குமோன்னு ஒரு ஆசைதான். அதான் போன் பண்ணினேன்.”

என்னிடம் மாற்றிக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தேன். கலியபெருமாள் கையசைத்தார், அஞ்சலை காத்திருந்தார், புரியாத இடத்தில் மீண்டும் கேட்டார், அவர் மீண்டும் சொன்னார். அவ்வளவு மெதுவான உரையாடலை நான் கண்டதில்லை. இருவரில் எவரும் அதைத் துண்டிக்கவும் இல்லை.

அன்று மாலை வீடு திரும்பி, விளக்கேற்றி, வழக்கம்போல் பாடினேன். மனைவி இருந்தவரை, நான் அடி தவறினால் அடுக்களையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அன்று ஓர் அடி மறந்து நின்றேன். நினைவு வரும்வரை காத்திருந்து, தொடர்ந்தேன்.

இப்பணிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, பழைய மோடத்தை மாற்றுங்கள். அது உங்கள் கடமை. தெளிந்த லைன் எதைக் கொண்டுபோய்க் காட்டும் என்பது நம் கையில் இல்லை. அதற்கு அஞ்சி எவர் வீட்டிலும் பழுதை விட்டு வராதீர்கள். லைன் ஓகே என்று எழுதி மூடுமுன், அந்த வீட்டில் யார் யாரோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். நீக்க இயலாத பழுதென்று கண்டால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். சற்று இருந்துவிட்டு வாருங்கள்.

இதைப் படிப்போர் எல்லார்க்கும், அவர் சொல்வதைப் பொறுத்திருந்து கேட்க ஒருவரும், அவர் முகம் காணக் காத்திருக்க ஒருவரும் என்றும் வாய்க்க, நள்ளாற்றுப் பெருமான் கண் திறந்து அருள்வானாக.