பீரோ கண்ணாடியை உடைத்தது யார்

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவர், போன மாதம் இங்கேயே கண்ணை மூடினார். எந்த லிஃப்டைப் பழுது பார்த்தாலும் முதலில் ஆளில்லாமல் ஒரு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார். பிறந்த நாட்டிலிருக்கும் தங்கைக்குப் பணம் அனுப்புவதும் அப்படித்தான். முதலில் பேருக்கு ஒரு சின்னத் தொகை போகும். அது வந்துவிட்டது என்று தங்கை வாயால் சொன்ன பிறகே மிச்சம் கிளம்பும்.

அவர் இருந்தபோது ஒரு லீவு நாள் மதியம் புது நம்பரிலிருந்து அவருக்குச் செய்தி வந்தது. 'அண்ணா, என் போன் வாளித் தண்ணியில விழுந்துடுச்சு. தையல் கடைக்கு இடம் கிடைச்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. கீழே இருக்கிறது கடை ஓனரோட கணக்கு.'

வீட்டு மூலையில் பல வருடம் தைத்து, கடைக்காக ஏங்கிக் கிடந்தவள் அந்தத் தங்கை. அட்வான்ஸ் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அத்தான்தான். இருந்தும் நெற்றியைச் சுருக்கினார்.

"புது நம்பர், புதுக் கணக்கு, அவசரம். திருடன் வேற எப்படி எழுதுவான், மச்சான்?"

பழைய நம்பர் எடுக்கவில்லை. புது நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, அனுப்பிட்டியா?"

"குரல் என்னமோ அவளுதுதான்" என்று என்னிடம் முணுமுணுத்தார். "இப்பல்லாம் குரலையும் போலியா செஞ்சுடுறாங்களே." பிறகு போனைப் பார்த்துக் கேட்டார். "நம்ம வீட்டு பீரோ கண்ணாடியை உடைச்சது யாரு?"

"நீதான்."

கட் செய்துவிட்டார். "திருடனேதான்."

அக்கா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "நீங்கதான உடைச்சீங்க? கல்யாணத்தன்னிக்கே உங்கம்மா என்கிட்ட சொன்னாங்களே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அதனாலதான் கேட்டேன். உடைச்சது அவ, அடி வாங்கினது நான். அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

போன் அடித்தது. "அண்ணா, விளையாடாத. ஓனர் வாசல்ல நிக்கிறார்."

"யாரு உடைச்சது?"

"அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க."

"திருடன் எங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டான்போல."

"அனுப்பித்தான் தொலைங்களேன்" என்றாள் அக்கா. அத்தான் அசையவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, நான்தான். பந்து எறிஞ்சேன், உடைஞ்சுது. போதுமா?"

"என்னடி சொன்ன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போன் கை மாறியது.

"ஏன்டா, விளக்குமாறு பிய்யுற வரைக்கும் அடிச்சேனே. அவதான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அத்தான் தரையைப் பார்த்தார். "சின்னப் புள்ளைம்மா அவ. தாங்கமாட்டா."

அவர் அம்மா விடவில்லை.

"வேற என்னென்ன அவ பண்ணி நீ அடி வாங்கின?"

"ஒவ்வொரு தடவை பணம் அனுப்பும்போதும் ஒண்ணொண்ணா கேக்குறேன், நீயும் பக்கத்துல இரு."

"அண்ணா, வேணாம்" என்று தூரத்தில் தங்கை கெஞ்சினாள்.

சின்னத் தொகை போனதும், இதுதான் அட்வான்ஸா என்று ஓனர் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாராம். தங்கை செருப்பு கூடப் போடாமல் தெருவில் ஓடி அவரை மடக்கி நிறுத்தியிருக்கிறாள். அதற்குள் மிச்சமும் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. 'சாவி வாங்கிட்டேன். அம்மா இன்னும் திட்டி முடிக்கலை. இனிமே எனக்கு அண்ணனே கிடையாது.'

அத்தான் அதை இரண்டு முறை படித்தார்.

"அவளேதான்" என்றார்.