தொடக்கூடாது என்று படித்திருந்தேன்

ஒற்றைச் செருப்பு

சண்முகத்தாய் முதன்முதலாக என் அறைக்கு வந்தபோது அவள் வலது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக, கணுக்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. இன்னொரு செருப்பு எங்கே என்று நர்ஸ் கேட்ட பிறகுதான் அவளே குனிந்து பார்த்தாள். முந்தின நாள் நல்ல மழை. இடைசெவலில் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு வரும் வழியில் எங்கேயோ சகதியில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இவள் பாட்டுக்கு நடந்து, பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிப்படியும் ஏறி வந்துவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நான் படித்த சைக்கோஅனாலிசிஸில் தற்செயல் என்று எதுவும் கிடையாது. வாய் தவறிச் சொல்வது, பெயர் மறந்துபோவது, பொருளைத் தொலைப்பது எல்லாவற்றுக்கும் அடியில் அன்கான்ஷியஸ், அதாவது நமக்கே தெரியாத மனசு, ஒரு காரணத்தை ஒளித்து வைத்திருக்கும். அவள் உட்காருவதற்குள் நான் நோட்டைத் திறந்து, ‘செருப்பை விட்டு வந்திருக்கிறாள். எங்கேயோ போக மனமில்லை’ என்று எழுதிவிட்டேன்.

மனநல ஆலோசனைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னால் குணமானவர்களைப் பற்றி நிறையக் கூட்டங்களில் பேசியாயிற்று. இது அந்த வகை இல்லை.

நான் யார், என்ன படித்தேன்

சொந்த ஊர் எப்போதும்வென்றான். அப்பாவுக்குப் பருத்தியும் உளுந்தும் விளைகிற மானாவாரி நிலம். மதுரையில் எம்.ஏ. சைக்காலஜி படித்தேன். பிறகு சென்னையில் ஒரு சீனியரிடம், அடிமனசைப் பேச வைக்கும் சைக்கோடைனமிக் தெரபியில் பயிற்சி. கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் சைக்காலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றேன். நோயாளிகள் என்னை டாக்டரம்மா என்பார்கள். நான் எம்.பி.பி.எஸ். படித்தவள் இல்லை. அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பும் எடுப்பேன். பெர்சனாலிட்டி ஸ்ட்ரக்சர் பற்றிச் சொல்லும்போது போர்டில் மூன்று கட்டம் போடுவேன். அடியில் இட், அதற்கு வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது. மேலே சூப்பர் ஈகோ. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அதட்டிக்கொண்டே இருப்பது. நடுவில் ஈகோ, இரண்டு பக்கமும் பேச்சு வாங்கிக்கொண்டு குடித்தனத்தை ஓட்டுவது. நடுவில் இருப்பதற்கு முடியாமல் போகும்போது, மனசில் இருப்பதை உடம்பு வியாதியாகக் காட்டும் என்பேன். கை விளங்காமல் போகலாம், குரல் போகலாம், கால் போகலாம். மாணவிகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

தெரபி முறையிலும் நான் கறார். நோயாளி படுத்துக்கொண்டு மனசில் வருவதையெல்லாம் தணிக்கை இல்லாமல் சொல்ல வேண்டும். அது ஃப்ரீ அசோசியேஷன். நான் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாமல் உட்காருவேன். நம்ம ஊர் ஆட்களுக்கு இது பெரிய பாடு. முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது மரியாதையா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். சண்முகத்தாயும் பார்த்தாள். இரண்டு வாரம் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினேன். இன்னொரு விதி, நோயாளியைத் தொடக்கூடாது. தொட்டால் தூரம் கெட்டுப்போகும், சிகிச்சையும் கெட்டுப்போகும் என்று படித்திருந்தேன். அதை நான் ஒருநாளும் மீறவில்லை.

தம்பி பெண் கேட்டது

எலும்பு டாக்டர்தான் அவளை என்னிடம் அனுப்பினார். இரண்டு காலும் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது என்று வந்தவளுக்கு இடுப்பில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். சுத்தமாக இருந்தது. சீட்டில் ‘ஃபங்ஷனல்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார். உடம்பில் கோளாறு இல்லை, உங்கள் பக்கம் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

பார்த்தேன். நான் தேடியது முதல் நாளே கிடைத்தது. சண்முகத்தாய்க்கு ஒரே தம்பி. கோவில்பட்டிக்கு வெளியே சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்துகிறான். அக்கா மகளைத் தனக்கே கட்டித் தரும்படி கேட்டிருக்கிறான். மகள் மாரீஸ்வரி திருநெல்வேலியில் இரண்டாம் வருடம் நர்சிங் படிக்கிறாள். மாமாவைக் கட்ட மாட்டேன் என்கிறாள். தாய் தகப்பன் போன பிறகு தன்னைக் கட்டிக் கொடுத்துக் கரையேற்றிய தம்பியிடம் முடியாது என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனசில்லை. தம்பி கேட்ட மறுமாதம்தான் கால் மரக்க ஆரம்பித்திருக்கிறது.

இதைவிட என்ன வேண்டும்? பிறந்த வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல முடியாதவளுக்குக் கால் நடக்க மறுக்கிறது. பாடப்புத்தகத்தில் போடலாம். போடத்தான் முயன்றேன். மதுரையில் ஒரு கேஸ் கான்ஃபரன்ஸில் பெயரை மாற்றி நாற்பது நிமிடம் பேசினேன். செருப்பைச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது.

எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை

ஒன்பது வாரம் அவள் வந்தாள், வாரம் ஒரு நாள். முதலில் தனியாக, பிறகு வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஆட்டோவில்.

தம்பியைப் பற்றிப் பேசச் சொன்னால் பேசுவாள். இரண்டு நிமிடத்தில் காலுக்குத் திரும்பிவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். உண்மையை நெருங்கும்போது நோயாளி பேச்சை மாற்றுவதற்கு ரெசிஸ்டன்ஸ் என்று பெயர். நோட்டில் அப்படியே எழுதினேன். ஒருநாள் படுத்தவாக்கில் சொன்னாள்:

“மனசுல கவலை இல்லன்னு சொல்லல டாக்டரம்மா. கவலை இல்லாத மனுசி யாரு இருக்கா? ஆனா காலத் தரையில வைக்குதேனா, பஞ்சு மேல வைக்குதேனான்னு தெரியல. நெஞ்சுக்குக் கீழ கயித்தப் போட்டு இறுக்குன மாதிரி இருக்கு. அதக் கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

அந்தக் கயிறு யார் கட்டியது என்று கேட்டேன். பிறந்த வீட்டுப் பாசம்தான் அந்தக் கயிறு என்று நானே விளக்கம் கொடுத்தேன். அவள் ம் என்றாள். ஒத்துக்கொண்டாள் என்று எழுதிக்கொண்டேன்.

ஒருமுறை புது உளுந்து ஒரு பை கொண்டுவந்தாள். பாசிட்டிவ் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று எழுதினேன். தாயிடம் காட்ட வேண்டிய பிரியத்தை என்னிடம் காட்டுகிறாளாம். இன்னொரு முறை, இத்தனை வாரம் வந்தும் ஒரு மாத்திரைகூடத் தரவில்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெகட்டிவ் டிரான்ஸ்ஃபரன்ஸ். ஆமாம் என்றால் நான் சொன்னது சரி, இல்லை என்றாலும் நான் சொன்னது சரி. எந்தப் பக்கம் போனாலும் அவள் தப்ப முடியாதபடி என்னிடம் வார்த்தை இருந்தது. இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

ஏழாவது வாரம், தம்பியிடம் நேரிலேயே சொல்லிவிடும்படி தூண்டினேன். அடைத்து வைத்திருப்பது வெளியே வந்தால் கால் திரும்பும் என்றேன். இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது. வாக்குக் கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

அவள் போய்ச் சொல்லிவிட்டாள். தம்பி, இனி உனக்குப் பிறந்த வீடு கிடையாது என்று தெருவில் நாலு பேர் கேட்கக் கத்தி அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் வந்து படுத்தவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“சொல்லிட்டேன் டாக்டரம்மா. கால் எப்ப வரும்?”

மெதுவாக வரும் என்றேன்.

மாரீஸ்வரி

ஒன்பதாவது வாரம் மகள் கூட வந்தாள். லீவுக்கு வந்தவள், அம்மாவுக்குச் சிறுநீர் போவதே தெரியவில்லை என்பதைப் பார்த்துப் பயந்துபோய்த் தானே அழைத்து வந்திருந்தாள். செஷனில் குடும்பத்தார் இருக்கக் கூடாது என்று அவளை வெளியே போகச் சொன்னேன். அவள் போகவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பையிலிருந்து சாவியை எடுத்து, அதன் முனையால் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தாள்.

வளர்ந்த யாருக்கும் அப்படிக் கீறினால் விரல்கள் கீழே மடங்கும். சண்முகத்தாயின் பெருவிரல் மெதுவாக மேலே எழும்பி, மற்ற விரல்கள் விசிறி போல விரிந்தன. மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருந்தால்தான் அப்படி ஆகும். எந்த நரம்பியல் புத்தகத்திலும் முதல் சில பக்கங்களில் இருக்கும். நானும் ஒரு காலத்தில் படித்ததுதான்.

“இது மனசு செய்யுத வேலையா மேடம்? போன மாசம்தான் எங்களுக்குக் கிளாஸ்ல சொல்லித் தந்தாங்க. நீங்க ஒரு தடவையாவது கீறிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஒன்பது வாரத்தில் அந்தக் காலை நான் விரலால்கூடத் தொடவில்லை.

அந்த நிமிடம் எனக்கு மதுரைக் கைதட்டல்தான் ஞாபகம் வந்தது. நான் எப்போதும்வென்றான்காரி. மழை பெய்த கரிசலில் நடந்து பள்ளிக்கூடம் போனவள். அந்த மண் செருப்பைப் பிடித்தால் சும்மா விடாது. கணுக்காலோடு சேர்த்து இழுக்கும், ஆளையே முன்னால் சாய்த்துவிடும். செருப்பு கழன்றது தெரியாமல் எவராலும் ஓர் அடி வைக்க முடியாது. தெரியவில்லை என்றால் காலில் உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் களையெடுக்கப் போகிற எந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பாள். ஒன்றும் படிக்காமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

திருநெல்வேலியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்த இடுப்புக்கு ஒரு சாண் மேலே, நடு முதுகில், தண்டுவடத்தை நெரித்துக்கொண்டு ஒரு கட்டி இருந்தது. அவள் கயிறு என்று சொன்னாளே, அந்த இடத்துக்கு நேராக. புற்று இல்லை. எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்னால், அவள் நடந்து வந்த காலத்திலேயே வந்திருந்தால் நடையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சர்ஜன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். கட்டி போய்விட்டது. கால் வரவில்லை.

எலும்பு டாக்டரும் தவறவிட்டார்தானே என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர் அவளைப் பார்த்தது ஒரு தடவை. நான் ஒன்பது தடவை.

பிறகு

தியரியை நான் தூக்கிப்போடவில்லை. தம்பி விஷயத்தில் அவள் மனசு பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் ஒருவருக்கு மனக்கஷ்டம் இருக்கிறது என்பதற்காக அவர் முதுகில் கட்டி வராமல் இருக்காது. ஓய்வு பெறுவதற்கு முந்தின மூன்று வருடம், கை கால் என்று வந்த யாரையும் நரம்பு டாக்டர் பார்க்காமல் படுக்க வைக்கவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் வாரம் ரெசிஸ்டன்ஸ் என்ற வார்த்தையை எழுதவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நோயாளி ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அதுதான் விஷயமாக இருக்கும்.

ஆறு மாதம் கழித்து இடைசெவலுக்குப் போனேன். அதற்கு முன் போக எனக்குத் துணிச்சல் இல்லை. சண்முகத்தாய் கட்டிலில் தலையணையில் சாய்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி அன்றைக்கு வரைக்கும் எட்டிப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக்கூட வரவில்லை. மாரீஸ்வரி படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். அது ஒன்றுதான் கெடாமல் இருந்தது, அதுவும் என்னால் இல்லை.

இந்த முறை அவளுக்கு எதிரில், முகம் பார்த்து உட்கார்ந்தேன். தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“நீங்க கேட்டா மனசு கேக்காம சரின்னு சொல்லிருவேன்னு நெனச்சு வந்திருக்கீங்க. சொல்ல மாட்டேன் டாக்டரம்மா. என்னால ஏலாது. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராதவள் என்று மதுரையில் நாற்பது நிமிடம் நான் விளக்கியது இந்தப் பெண்ணைத்தான். தண்ணீரைக் குடித்தேன். எழுந்து பஸ்ஸுக்கு நடந்து வந்தேன்.