என் படம் சுவரில், கூட்டம் அவளுக்கு

2009 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் யாங்கோனில் இறங்கினேன். கல்கத்தா வழியாகப் போன விமானம். மிங்கலாடோன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது வெயில் நன்றாக அடித்தது, ஆனால் வியர்க்கவில்லை. சென்னைக்காரிக்கு அதுவே ஒரு விருந்து.

ஊருக்குள் போக டாக்சிக்காரர் ஆறாயிரம் ச்சாட் கேட்டார். அப்போதைய கணக்கில் நம் பணத்துக்கு முந்நூறு ரூபாய் இருக்கும். தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்டியரிங் வலப்பக்கம், வண்டி போவதும் சாலையின் வலப்பக்கம். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமானால் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் அவர், "புத்தகயா!" என்று இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். நானும் பயத்தில் கும்பிட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பாடநூல்களுக்குப் படம் வரைகிறேன். பெரும்பாலும் மகப்பேறு. பெண்ணின் பிறப்புறுப்பு, கருப்பை, பிள்ளை வெளியே வரும் ஒவ்வொரு நிலை, எல்லாவற்றையும் இருபது வருடத்துக்கும் மேலாக வரைந்துகொண்டிருக்கிறேன். முந்தைய வருடம் அடித்த புயலில் டெல்டாப் பக்கத்து ஊர்கள் அழிந்துபோயிருந்தன. அங்கே பிரசவம் பார்க்கும் பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் யாங்கோனின் வடக்கோரம் இன்சீனில் பயிற்சி நடத்தியது. அதற்குப் பெரிய சுவர்ப்படங்கள் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள்.

தங்க ஏற்பாடு சீனர்கள் வாழும் லத்தா பகுதியில். சீனக் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில், வெளிநாட்டவர் தங்க உரிமம் வாங்கிய சின்ன விடுதி. நடத்துகிறவருக்கு இரண்டு பெயர். பர்மியர்களுக்கு டோ தான் தான், தமிழர்களுக்கு லட்சுமி. அப்பா தமிழர், அம்மா பர்மியர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கன்னத்தில் தனக்கா, அங்கே பெண்கள் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசும் மரப்பட்டை, பூசியிருந்தார்.

"வாங்க தங்கச்சி. வழியெல்லாம் சொகமா வந்து சேந்தீங்களா? லப்பெயே போடவா?" என்றார். லப்பெயே என்றால் தேநீர். அதைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்களும் படம் போடுறவுகதானே? அந்த ரூம்புல ஒரு சயாமா இருக்காங்க. ஜப்பான். அவுகளும் அதே சோலிதான். அவுக மேல கேஸே இருக்குது!"

சயாமா என்றால் ஆசிரியை. மரியாதைக்குரிய பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் தங்கச்சி, அவள் சயாமா. வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்கு எங்கோ சுருக்கென்றது. அதிலும் 'கேஸே இருக்குது' என்பதை லட்சுமி அக்கா ஒரு பட்டம் மாதிரி சொன்னார்.

மறுநாள் காலை மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடும்போது அவளைப் பார்த்தேன். பெயர் ரெய்கோ. என் வயதுதான், குட்டை முடி, விரலெல்லாம் உலர்ந்த காகிதக் கூழ். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம், ஆனால் அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் செய்வது இதுதான். ஜப்பானியக் காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, பெண்களின் உடம்பில் ஒத்தி, காயவைத்து அச்சாக எடுக்கிறாள். வயிறு, மார்பு, பிறப்புறுப்பு. மடிப்பும் தழும்பும் அப்படியே பதிந்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கும். அவளுடைய ஊரில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஆபாசம் என்று வழக்கு. நீதிமன்றம் அபராதம் விதித்தது. கட்ட மாட்டேன் என்று மேல்முறையீடு செய்திருந்தாள்.

"ஆண்கள் பார்க்க எடுக்கும் படங்களில் அந்த இடத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு விற்கலாம். கடை கடையாக இருக்கிறது," என்றாள். "அது என் உடம்பு, நானே செய்தேன் என்றால் குற்றம். நீதிபதி அந்தச் சொல்லை ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை. 'அந்த வஸ்து' என்றார்."

லட்சுமி அக்கா கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ உள்ளே ஒன்று எரிந்தது. அதே உறுப்பைத்தானே நானும் வரைகிறேன்? இத்தனை வருடத்தில் என் வாசலுக்கு ஒரு கான்ஸ்டபிள்கூட வந்ததில்லை. என் பெயர் அச்சாவது நன்றியுரையின் கடைசி வரியில், பைண்டரின் பெயருக்கு அடுத்து.

புதனும் வியாழனும் ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் இன்சீன் போய்வந்தேன். வெளிநாட்டவருக்கு ஒரு டாலர் டிக்கெட். ரயில் சைக்கிள் வேகத்தில்தான் போகும். கீரைக் கட்டுகளோடு பெண்கள் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். பயிற்சிக் கூடத்தில் என் படங்களைப் பிரித்து மாட்டினோம். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, படத்தைப் பார்க்காமல் மூலையை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றிலும் வட்ட முத்திரை குத்திவிட்டுப் போனார். டெல்டாவிலிருந்து வந்த பெண்கள் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பாடம் படித்தார்கள். வேலை நன்றாகத்தான் போனது.

வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு, உபரியாக இருந்த படச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பான்சோடான் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு மாடிக் கூடத்தில் மறுநாள் ரெய்கோவின் கண்காட்சி. மொழிபெயர்க்க லட்சுமி அக்கா போயிருந்தார். நான் ஏன் போனேன்? அவள் செய்தது அப்படியொன்றும் நன்றாக இருக்காது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளத்தான்.

நன்றாக இருந்தது. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் காகிதம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, ஒவ்வொரு வயிறும் மூச்சுவிடுவது போலிருந்தது. சிசேரியன் தழும்பு ஒன்று நூல் பிரிந்த தையல் மாதிரி ஓடியது.

அந்தக் காலத்தில் அங்கே எந்தக் கண்காட்சியையும் திறப்பதற்கு முன் அதிகாரிகள் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மூத்தவர் முதல் அச்சின் முன்னால் நின்றார். அது என்னவென்று புரிந்ததும் தலையை உயர்த்தி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இது மிச்சிகோ. இரண்டு குழந்தைகள்," என்றாள் ரெய்கோ. லட்சுமி அக்கா அதைப் பர்மிய மொழியில் சொன்னார். அதிகாரி விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"எல்லாத்தையும் எறக்கணுமாம் சயாமா," என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்.

"வயிறுமா?"

"வயிறுந்தான்."

கிளம்பும்போது அந்தப் பெண் அதிகாரி என் தோளில் இருந்த சுருளைக் காட்டினார். மேசைமேல் பிரித்தேன். அதே உறுப்பு, ஒரு கை நீளத்துக்குப் பெரிதாக, சிவப்பும் ரோஜா நிறமுமாக. மூத்தவர் குனிந்து முத்திரையைப் படித்தார்.

"இது இருக்கலாமாம். இது படிப்பாம்," என்றார் லட்சுமி அக்கா.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் என் படத்தைப் பார்த்தும் கண்ணைத் திருப்பிக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கினேன். மாட்டார். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அவர்கள் போனதும் ரெய்கோ அழுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்கள் படங்களைக் கடன் கொடுங்கள். வெறும் சுவர் வேண்டாம்." சரி என்றேன். உள்ளுக்குள் துள்ளியது என்பதை மறைப்பானேன்? என் படம் முதல் தடவையாக ஒரு கலைக்கூடத்தின் சுவரில். அவளுடையது அட்டைப்பெட்டியில்.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. எல்லாம் பெண்கள், கல்லூரிப் பெண்கள், நர்ஸ்கள், லட்சுமி அக்காவின் தோழிகள். ரெய்கோ நடுவில் நின்று, அங்கே இல்லாத ஒவ்வொரு அச்சையும் பற்றிப் பேசினாள். மிச்சிகோ கூழ் சில்லென்று இருக்கிறது என்று கத்தியதை, எழுபது வயதுக்காரி ஒருத்தி தன் அச்சைப் பார்த்து, 'இதுதானா, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் விளக்கை அணைத்தேன்' என்று கேட்டதை. கூடம் சிரித்தது. சுவரில் இருந்தது என் படம். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததோ பெட்டிக்குள் இருந்ததை.

ஒரே ஒருவர் மட்டும் என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். இன்சீனிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை, லட்சுமி அக்காவின் சித்தி மகள். பெயர் மா எய். தமிழ் புரியும், பேசத் தயங்கினார்.

"இவுக… யாரு?"

"யாருமில்லை. பொதுவா வரைஞ்சது," என்றேன்.

"பிள்ளை உண்டா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க. இது எல்லாருக்கும் பொதுவான படம்."

அவர் தலையை ஆட்டினார், புன்னகைத்தார், பிறகு ரெய்கோவைச் சுற்றியிருந்த கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் என் படத்தைப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே இல்லை, தொடைக்குக் கீழே இல்லை. ஒரு மச்சம்கூட இல்லை. இருபது வருடமாக நான் உயிருள்ள ஒரு பெண்ணைப் பார்த்து வரைந்ததே இல்லை. பழைய படத்தைப் பார்த்துப் புதிய படம், அவ்வளவுதான். அதுவரை அவளுடைய வழக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அப்போதுதான் அவளுடைய மிச்சிகோவைப் பார்த்துப் பொறாமை வந்தது. இது இன்னும் மோசமாக வலித்தது.

விடுதிக்குத் திரும்பி மூவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். கீழே தெருவில் எண்ணெய்ச் சட்டிகள் கொதித்தன. என்னால் அடக்க முடியவில்லை. "உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. லட்சுமி அக்கா நெஞ்சைத் தேய்த்து, மிளகாய் கடித்தவர் மாதிரி முகத்தைக் காட்டி நடித்தார்.

புரிந்ததும் ரெய்கோ என்னை உற்றுப் பார்த்தாள். "உண்மையாகவா?"

"உண்மையாக."

"என் அக்கா மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் நான் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். சிலர் பரிதாபப்படுகிறார்கள், சிலர் அருவருக்கிறார்கள். பொறாமைப்பட்ட முதல் ஆள் நீங்கள்தான்." எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து எனக்கு வணக்கம் சொன்னாள். பிறகு சாதாரணமாக, "நாளை காலையில் என்னை வரைகிறீர்களா?" என்றாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. லட்சுமி அக்கா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். ரெய்கோ ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். பாடநூலில் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கும், இவளிடம் இல்லை. முடி நரைத்திருந்தது. தொடையில் அம்மைத் தழும்பு. நான் மனப்பாடமாக வரையும் கோடு ஒன்றுகூட அங்கே பொருந்தவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நான்காவதில் அவள் வந்தாள், முகத்தோடு, பாதத்தோடு.

ரெய்கோ அதை நெடுநேரம் பார்த்தாள். "இதை ஊரில் காட்சிக்கு வைப்பேன். மறுபடி போலீஸ் எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் கையெழுத்துப் போட வேண்டாம்," என்றாள்.

என் இரண்டு பிள்ளைகள், பள்ளித் தலைமையாசிரியர் கணவர், பாடநூல் பதிப்பாளர்கள், எல்லோரும் வரிசையாக மனதில் வந்துபோனார்கள். பென்சிலை எடுத்து என் முழுப்பெயரையும் தமிழில் எழுதினேன்.

"படிக்க வேண்டுமானால் உங்கள் போலீஸ் தமிழ் கற்றுக்கொள்ளட்டும்," என்றேன்.

மதியம் மிங்கலாடோனுக்கு லட்சுமி அக்கா கூடவே வந்தார். "அடுத்த தடவ என்னையும் போடு தங்கச்சி. எனக்கு நாலு பிள்ள, தழும்புக்குக் கொறச்சலில்ல," என்று சொல்லி, அவர்கள் தின்னும் ஊறிய தேயிலையில் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் யாங்கோன் தமிழர் ஒருவர். பருப்பு வியாபாரம், வயது அறுபதுக்கு மேல், திருத்தணிக்குப் போகிறார். ஊர் விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார், பிறகு, "நீங்க என்னா வேல பாக்குறீங்க?" என்றார். சென்னையில் யார் கேட்டாலும் 'ஸ்கூல் புக்குக்குப் படம்' என்று சொல்லிவிடுவேன். என் மாமனாருக்கு இன்றுவரை அவ்வளவுதான் தெரியும்.

"பொம்பளைங்க உடம்பை வரையறேன்," என்றேன். "பிறப்புறுப்பு."

அவர் சீட் பெல்ட்டைச் சரிசெய்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு பரிவோடு, எனக்கு வழிவிடுகிற மாதிரி, "டாக்டர்மாருக்கா?" என்றார்.

"டாக்டர்களுக்கும்," என்றேன்.

அவர் அதற்குப் பிறகு கல்கத்தா வரை பேசவில்லை. ரெய்கோவாக இருந்தால் அவரைச் சிரிக்கவைத்து, அவர் மனைவியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.